கழுத்துக்குக் கட்டம் இல்லை

மரவாடி நாயின் சங்கிலி நான்கு அடி மூன்று அங்குலம். டேப்பைத் தரையில் விரித்து நானே அளந்தேன். அளந்து முடிக்கும்வரை நாய் எழவில்லை, குரைக்கவும் இல்லை. சந்தேகம் எனக்கு அப்போதே வந்திருக்க வேண்டும். வரவில்லை. படிவத்தின் முதல் கட்டத்தில் நான்கு அடி மூன்று அங்குலம் என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

நான் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசிப் பணியாளர். சுற்றிலும் உள்ள ஐந்து ஊர்களில் என்னை முகத்துக்கு நேரே ஊசியக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் நாய்க்காரி. கட்டிப் போட்டே வளர்க்கும் நாய்களின் நிலைமையைச் சீர் செய்யும் திட்டம் என்று அந்த மாதம் ஒன்று வந்திருந்தது. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க வேண்டும். குட்டைச் சங்கிலி போட்டிருந்தால், இரண்டு கம்பத்துக்கு நடுவே கம்பி இழுத்து, அதில் ஓடும் வளையத்தில் நாயைக் கட்டச் சொல்ல வேண்டும். படிவத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன: சங்கிலியின் நீளம், தண்ணீர், நிழல், ஒரு நாளில் அவிழ்த்து விடும் நேரம்.

மரவாடிக்காரர் ரம்பத்தை நிறுத்திவிட்டு வந்தார். மரம் அறுக்கும் ஆட்கள் இரண்டு பேரும் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்ன ஊசியக்கா, நாய்க்கெல்லாம் வீடு கட்டித் தரப் போறீங்களாமே? அப்படியே எனக்கும் ஒரு ரூம் சேத்துப் போடுங்க. வீட்டுல எனக்கே படுக்க இடமில்ல."

ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். சிரிக்காவிட்டால் அடுத்த கேள்விக்குப் பதில் வராது.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அவுத்து விடுறீங்க?"

"அவுத்து விடறதா? அவுத்து விட்டா அது பாட்டுக்கு ஊரு சுத்தப் போயிடும். அப்புறம் மரத்துக்கு யாரு காவல், நீங்களா?"

"வாங்கினதுலேருந்து ஒரு தடவைகூட அவுக்கலையா?"

"குட்டியா இருக்கும்போது மாட்டினது. சங்கிலி நல்லாத்தானே இருக்கு? துருகூட பிடிக்கல."

"தண்ணி?"

"மழை பெய்யும்போது குடிக்கும்."

மறுபடி சிரிப்பு. அப்போதுதான் காற்று என் பக்கம் திரும்பியது. இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், அந்த நாற்றம் எனக்குத் தெரியும். புழு வைத்த புண்.

நாயின் கழுத்தைச் சுற்றிக் கன்னங்கரேலென்று ஏதோ அப்பியிருந்தது. மரத்தூள் அதில் ஒட்டிக் காய்ந்து கட்டியாகியிருந்தது.

"அது என்ன கறுப்பா?"

"மெஷின் ஆயிலு. கழுத்துல புண்ணு, ஈ மொய்ச்சுச்சு. டப்பாவுலேருந்து ஊத்தி விட்டேன். ஈ போயிடுச்சு பாருங்க."

"என்ன புண்ணுன்னு தொட்டுப் பாத்தீங்களா?"

"கிட்ட போனா கடிக்கும்மா. சோத்துத் தட்டையே குச்சியால தள்ளித்தான் வைக்கிறோம்."

நான் கிட்டே போனேன். அது கடிக்கவில்லை. கடிப்பதற்கு வாயைத் திறக்க வேண்டும், அதற்குக் கழுத்து இடம் கொடுக்க வேண்டும். மூச்சு மட்டும் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு எண்ணெய்க் கட்டியை லேசாக விலக்கினேன். கழுத்தைச் சுற்றி ஒரு பள்ளம். என் சுண்டு விரல் முதல் கணு வரை அதற்குள் போனது. அடியில் ஏதோ கெட்டியாக நெருடியது. மேலே சதை மூடி வளர்ந்திருந்தது.

என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுத முடியாது. எழுத முடிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

"கம்பியைப் போட்டுக் கட்டினீங்களாய்யா? உயிருள்ள ஒண்ணோட கழுத்துல கம்பியைக் கட்டிட்டு, மேல ஆயில ஊத்திட்டு, பக்கத்துலயே உக்காந்து மூணு வேளையும் சாப்பிட்டிருக்கீங்க! உங்க மூக்கு என்ன வாடகைக்கு விட்டிருக்கா?"

அவர் முகம் சிவந்தது. ஆட்கள் முன்னால் வாங்கிக் கட்டிக்கொள்வது அவருக்குப் பழக்கமில்லை.

"யாரும்மா கம்பி கட்டினது? வாய்க்கு வந்ததைப் பேசாத. ஏய், அந்த அட்டையை எடுத்துட்டு வா!"

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி வந்தாள். கையில் ஒரு பாலித்தீன் உறை. அதற்குள் மடங்காமல், கறை படாமல் ஒரு தடுப்பூசி அட்டை. ரேஷன் கார்டைக்கூட அவ்வளவு பத்திரமாக யாரும் வைத்து நான் பார்த்ததில்லை.

அட்டையில் இருந்தது என் கையெழுத்து. வயது மூன்று மாதம். வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. அதன் கீழே: 'அடையாளப் பட்டையை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது.' எக்காரணம் கொண்டும் என்பதற்கு அடியில் இரண்டு கோடுகள். ஸ்கேல் வைத்துப் போட்டவை. ஸ்கேல் இல்லாமல் நான் கோடு போடுவதில்லை.

"கம்பி இல்லக்கா," என்றாள் அவர் மனைவி. "நீங்க மாட்டிவிட்டுப் போன சிவப்புப் பட்டைதான்."

பதினாறு மாதத்துக்கு முன்னால் நடந்த முகாம் அது. ஊசி போட்ட நாய்க்கு அடையாளமாகச் சிவப்புப் பிளாஸ்டிக் பட்டைகள் வந்திருந்தன. ஒரு முனையை மறுமுனைக்குள் விட்டு இழுத்தால் பல் பல்லாக இறுகும். இறுகினால் திரும்பி வராது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். முதல் வாரமே பல வீடுகளில் பட்டையை வெட்டி எடுத்து, அதை வைத்துச் சாக்குப்பை கட்டிவிட்டார்கள். மறுகணக்கு எடுத்தபோது எண்ணிக்கை உதைத்தது. எங்கள் மருந்தக டாக்டர் சார் எங்களைக் கூப்பிட்டு, ஒரு பட்டையும் கழலக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நான்தான் ஒரு படி மேலே போனேன். பட்டை இல்லாத நாயை வண்டி வந்து பிடித்துக்கொண்டு போய்விடும் என்று வீட்டுக்கு வீடு பயம் காட்டினேன். அட்டைக்கு அட்டை கோடு போட்டேன்.

பெரிய நாய்க்கு அதனால் ஒன்றும் இல்லை. குட்டிக்கு? ஒரு விரல் இடம் விட்டு இறுக்கி, மிச்ச நீளத்தைக் கத்தரித்து விட்டேன். மூன்று மாதக் குட்டி வளரும் என்பது எனக்குத் தெரியாதா? என் வேலையே அதுதான். ஆனால் அன்று என் கண்ணில் குட்டி இல்லை. எண்ணிக்கை இருந்தது.

"கழுத்தைச் சொறிஞ்சிக்கிட்டே இருந்துச்சுக்கா. அறுத்துப் போட்டுடலாம்னு நான் அப்பவே சொன்னேன்," என்றாள் அவர் மனைவி. "இவருதான் விடல."

"ஆமா, நாளைக்கு வண்டி வந்து பிடிச்சிட்டுப் போனா நீ போய்க் கூட்டிட்டு வருவியா? எழுதிக் குடுத்திருக்காங்க, கோடு வேற போட்டிருக்காங்க." அவர் என் பக்கம் திரும்பினார். "இப்ப சொல்லுங்க ஊசியக்கா. மூக்க வாடகைக்கு விட்டது யாரு?"

ஆட்களில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். நான் அட்டையைப் பிடித்தபடி நின்றேன். வெட்கம் வந்தது. அது வந்தும் கோபம் போகவில்லை. இன்னும் கூடியது, இப்போது என்னையும் சேர்த்துக்கொண்டு.

"பட்டை என் தப்பு," என்றேன். "நூத்துக்கு நூறு என் தப்பு. செருப்பால அடிங்க, வாங்கிக்கறேன். ஆனா இந்த நாலு அடி சங்கிலி யாரு தப்பு? பதினாறு மாசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், இதோட கழுத்த யாராவது தடவியிருந்தா விரல்ல பட்டிருக்குமே! குச்சியால சோத்தத் தள்ளிவிட்டா எப்படித் தெரியும்?"

அவர் மனைவி சொன்னாள். "வண்டிய எடுங்க. சண்டைய வந்து போட்டுக்கலாம்."

மரம் ஏற்றும் சரக்கு ஆட்டோவில் சாக்கை விரித்து நாயைப் படுக்க வைத்தோம். அதற்கு முன் சங்கிலியை அவிழ்க்கப் பார்த்தால், கழுத்தில் தளர்வாகச் சுற்றியிருந்த அதன் கொக்கி துருவேறி இறுகியிருந்தது. துரு பிடிக்கவில்லை என்று பீற்றிக்கொண்டவரே சுத்தியலால் நாலு போடு போட்டு உடைத்தார். கழுத்து அதிரக் கூடாதே என்று கொக்கியை நான் கையில் தாங்கிப் பிடித்திருந்தேன். இரண்டு போடு என் கட்டை விரலில் விழுந்தது. விழட்டும் என்றுதான் இருந்தது.

மருந்தகத்துக்குக் கொண்டு போனோம். கத்தி பிடிப்பதில் டாக்டர் சாருக்குத் தேர்ந்த கை. அதை நான் எங்கேயும் சொல்வேன். மயக்க ஊசி போட்டு, முடியை வழித்து, சதையைக் கீறிப் பட்டையைக் கண்டுபிடிக்க அவருக்கு இருபது நிமிடம் ஆனது. வெட்டி இழுத்தபோது அது ஒரே துண்டாக வந்தது. பல்லெல்லாம் அப்படியே இருந்தது. சிவப்பு நிறம்கூட மங்கவில்லை. புழுக்களை இடுக்கியால் எடுத்து எடுத்துக் கிண்ணத்தில் போட்டோம். ஐம்பதுக்கு மேல் நான் எண்ணவில்லை.

"பிழைக்குமா சார்?"

"ராத்திரி தாண்டினா பிழைக்கும்." கையைக் கழுவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "ரிப்போர்ட்டுல பட்டைன்னு எழுதாதீங்க. கயிறுன்னு எழுதுங்க. வளர்த்தவரோட கவனக்குறைவு."

"அவங்ககிட்ட அட்டை இருக்கு சார்."

"அட்டை ஊசி போட்டதுக்குத்தானே. பட்டை சப்ளை பண்ணது மேலிடம். நாம எதுக்கு நடுவுல போய் மாட்டிக்கணும்? உங்களுக்கு ரிட்டயர்மெண்ட்டுக்கு எத்தனை வருஷம் இருக்கு?"

"மூணு."

"அதான் சொல்றேன்."

மரவாடிக்காரரின் மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். ஆனால் அவள் கேட்டது வேறு.

"அக்கா, மத்த வீட்டுக் குட்டிங்களுக்கும் இதே பட்டையைத்தானே போட்டீங்க? இதே மாதிரிதானே எழுதிக் குடுத்தீங்க?"

அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. முகாம் பதிவேட்டை இழுத்துப் புரட்டினேன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகள், ஐந்து ஊர்களிலும் சேர்த்து நாற்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் நேராக என் சுருக்கொப்பம். நான் ஒன்றைக்கூட விட்டு வைக்கவில்லை. அந்த முகாமில் விடுபடல் இல்லாத பணி என்று எனக்குப் பாராட்டுக் கடிதம்கூடக் கொடுத்தார்கள்.

"சார், இன்னைக்கே கிளம்பணும். நாற்பது வீடு."

"அவசரப்படாதீங்க. நாமளே போய் வெட்டினா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதறேன். பதில் வரட்டும்."

"எப்ப வரும்?"

"ஒரு மாசம் ஆகும்."

"அந்த ஒரு மாசம் கழுத்து வளராம இருக்கச் சொல்லி அதுங்களுக்கும் ஒரு கடிதம் போட்டுடுங்க சார்," என்றேன். அவர் முன்னால் அப்படி நான் பேசியதே இல்லை. மூன்று நாள் விடுப்பு எழுதி மேஜையில் வைத்தேன். கம்பி வெட்டும் குறடு, கட்டுத்துணி, மருந்து, பதிவேட்டின் நகல் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

முதல் வீட்டில் தையல்காரி இருந்தாள். நான் மூச்சு வாங்கப் பட்டையைப் பற்றிக் கேட்டதும் அவள் பயந்துவிட்டாள்.

"கோச்சுக்காதீங்கக்கா. அது கழுத்த சொறிஞ்சிக்கிட்டே கெடந்துச்சு. என் கத்திரியாலயே வெட்டிட்டேன். வண்டி வந்தா சொல்லிக்கலாம்னு..." அவள் காலடியில் நாய் புரண்டு வயிற்றைக் காட்டியது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை.

அடுத்த வீட்டிலும் வெட்டியிருந்தார்கள். அதற்கடுத்த வீட்டிலும். "இறுக்கமா இருந்துச்சு, எடுத்துட்டோம்," "குளிப்பாட்டும்போது பாத்தோம்." எல்லோரும் திருடி மாட்டிக்கொண்ட முகத்தோடு சொன்னார்கள். என் பேச்சை மீறிய வீட்டு நாய்கள் எல்லாம் நன்றாக இருந்தன.

நான்காவது வீட்டில் நாய் கொல்லைப் பக்கம் கட்டிக் கிடந்தது. பட்டை இருந்தது. முடி உதிர்ந்து, தோல் வெடித்து நீர் வடிந்தது. இன்னும் உள்ளே போகவில்லை. ஏழாவதும் கட்டிப் போட்ட நாய்தான், அங்கும் பட்டை இருந்தது. அன்று மாலைக்குள் எனக்கு விளங்கிவிட்டது. அவிழ்ந்து திரியும் நாயின் கழுத்தில் பட்டை இல்லை. கட்டிக் கிடக்கும் நாயின் கழுத்தில் இருக்கிறது. கட்டிய நாயை யாரும் தொடுவதில்லை. தொடாததால் அது கடிக்கிறது. கடிப்பதால் தொடுவதில்லை. படிவத்தில் நீளத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது, நிழலுக்கு இருக்கிறது, கழுத்துக்கு இல்லை. இந்தப் படிவத்தை யார் போட்டது என்று எனக்குத் தெரியாது. எங்கேயோ மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, நாயே பார்க்காமல் போட்டிருக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டே நிரப்பினேன்.

வெட்டவும் லேசில் விடவில்லை. பாத்திரக்கடைக்காரர் குறுக்கே நின்றார்.

"அன்னைக்குக் கழட்டாதன்னீங்க. இன்னைக்கு வெட்டறேங்கறீங்க. நாளைக்கு இன்னொருத்தர் வந்து ஏன் பட்டை இல்லன்னு என் சட்டையைப் பிடிப்பாரு. எழுதிக் குடுங்க."

"எதுல?"

"இதுலயே." அட்டையை நீட்டினார். அவரும் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்.

எழுதினேன். 'பட்டை குட்டிக்குப் பொருந்தாதது. கழற்றக் கூடாது என்று எழுதியது தவறு. வெட்டி எடுத்தவர்:' என்று போட்டு முழுப்பெயரும் பதவியும் எழுதிக் கையெழுத்திட்டேன். விஷயம் என்னைவிட வேகமாக ஊருக்குள் பரவியது. அதன் பிறகு நான் பட்டை வெட்டிய வீடுகளில் எல்லோரும் அட்டையை நீட்டினார்கள். எல்லாவற்றிலும் எழுதினேன். ஒவ்வொரு கையெழுத்தும் என் வேலைக்கு நானே வைக்கும் வேட்டு என்பது தெரிந்துதான் எழுதினேன்.

இரண்டாம் நாள் மதியம் மரவாடிக்காரரின் மனைவி போன் செய்தாள். "எந்திரிச்சு நின்னுச்சுக்கா. கஞ்சி குடிச்சுது."

"வீட்டுக்குக் கொண்டு போனா கட்டாதீங்க."

"கட்டறதா? இனிமே யாரையாவது கட்டிப் போடறதுன்னா இவரைத்தான்." பின்னால் அவர் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. "கம்பி எத்தனை அடி இழுக்கணும்னு கேக்கறாரு. நேரா உங்ககிட்ட கேக்க வாய் வரல."

"முப்பது அடியாவது இழுக்கச் சொல்லுங்க. இழுத்த பிறகும் தினமும் ஒரு மணி நேரம் அவுத்து விடணும்."

மூன்றாம் நாள் கடைசி ஊருக்குப் போனேன். செங்கல் சூளை. நாய், செங்கல் அடுக்குகளுக்கு நடுவே இரும்புக் கம்பத்தில் கட்டியிருந்தது. பட்டை பாதி உள்ளே போய்விட்டது. பின்கழுத்தில் மட்டும் சிவப்பு தெரிந்தது. மயக்காமல் வெட்ட முடியாது. என்னிடம் மயக்க மருந்து இல்லை. என்ன செய்வதென்று நிற்கும்போது பைக் சத்தம் கேட்டது. டாக்டர் சார். கையில் யாரோ கொடுத்த அட்டை ஒன்று.

"பைத்தியமா உங்களுக்கு? எத்தனை அட்டையில இப்படி எழுதி வச்சிருக்கீங்க?"

"இதோட பதினொண்ணு. மீதி வீட்டுல எல்லாம் அவங்களே வெட்டிட்டாங்க. இரண்டு நாய் செத்துப் போச்சு சார். எதனாலன்னு அவங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரியும்."

அவர் நாயைப் பார்த்தார். பிறகு பைக் பெட்டியைத் திறந்து மருந்துப் புட்டியையும் ஊசியையும் எடுத்துச் செங்கல் அடுக்கின் மேல் வைத்தார்.

"இது என்கிட்டேருந்து வந்ததுன்னு எழுதாதீங்க."

"எழுதுவேன் சார்."

"உங்களோட பெரிய தொல்லை." அவர் புட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அளவை மட்டும் சொல்லிவிட்டு, பைக்கில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் போனார். கூட இருந்து வெட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அந்தக் கைக்கு அது இருபது நிமிட வேலை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஊசியில் மருந்தை ஏற்றினேன். சூளைக்காரர் பத்தடி தள்ளி நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"பீடியைப் போட்டுட்டு வந்து பிடிங்க," என்றேன்.

"நானா? கடிக்குமே."

"உங்க நாய்தானே?"

"என் நாய்தான். அதுக்குன்னு..."

"கழுத்துல என் பட்டை. கம்பத்துல உங்க சங்கிலி. ரெண்டு பேரும் சேந்துதான் செஞ்சோம். வாங்க."

அவர் வந்தார். குந்தி உட்கார்ந்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். நாய்க்கும் அவருக்கும் நடுவே அரை அடி இருக்கும்போது கை நின்றுவிட்டது.

"எங்க பிடிக்கணும்?" என்று என்னைக் கேட்டார்.

ஒன்றரை வருடம் வளர்த்தவர் கேட்கிறார். நாலு வார்த்தை நன்றாகக் கேட்க வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாயின் மூச்சு கரகரத்தது.

"காதுக்குப் பின்னால," என்றேன். "மெதுவா. இன்னும் மெதுவா."